அப்பாவின் கையில் கட்டிய ஸ்பூன்

கண்ணு,

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய பார்சல் புதன்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பூனை உன் அப்பாவுக்குத் தூக்கிக் காட்டினேன். வெளிநாட்டுச் சாமான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பிடி என் இரண்டு கட்டைவிரல் சேர்ந்த பருமன். கறுப்பு ரப்பரில் மீன் செதில் மாதிரி வரிவரியாகக் கோடு. கழுத்தை வேண்டிய பக்கம் வளைத்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கையில வச்சுக் காட்டு" என்றார். வைத்தேன். விரல்கள் மூடவில்லை. ஸ்பூன் உருண்டு வேட்டியில் விழுந்தது. "நல்ல சாமானமாத்தான் இருக்குது" என்றார். நான் அதை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன். நீ வருத்தப்படக்கூடாது. அனுப்பியதில் உன் பிழை ஒன்றும் இல்லை. அந்த ஸ்பூனைப் பிடிக்கிற கை இப்போது அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். அப்பாவைத் தினமும் பழகச் சொல்லுங்கள், நம்பிக்கையை விடக்கூடாது என்பது ஒன்று. உன் கம்பெனி உன்னை அமெரிக்காவுக்கு மூன்று வருஷம் அனுப்பப்போகிறது, இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குள் அங்கே கம்ப்யூட்டர்களை எல்லாம் திருத்தியாக வேண்டுமாம், போகட்டுமா வேண்டாமா என்று அப்பாவைக் கேட்டு எழுதுங்கள் என்பது இன்னொன்று. அப்பாவைக் கேட்டேன். "போகச் சொல்லு" என்றார். அவருடைய பதில் இவ்வளவுதான். என் பதிலை இரண்டு வார்த்தையில் எழுத முடியாது. பள்ளிக்கூடம் அரைப்பரீட்சை லீவு. சத்துணவுக் கூடத்தைப் பூட்டியிருக்கிறோம். அவர் தூங்குகிற மத்தியான வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அப்பாவுக்குக் கை போக ஆரம்பித்தபோது நீ கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை நேரம் என்று உன்னிடம் பாதியைத்தான் சொன்னோம். முதலில் எனக்குத் தெரிந்தது சாப்பாட்டில்தான். பிசைந்த சோறு விரலிடுக்கில் நழுவியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை குழிவிழுந்து போயிருந்தது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து இப்படி ஆகிவிட்டது என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். ஒரு நாள் ஊட்டியிலிருந்து பஸ்ஸை இறக்கிக்கொண்டு வரும்போது, பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில், கியரை மாற்றப் போன கை கம்பியிலிருந்து வழுக்கிவிட்டது. இரண்டாம் தடவை போட்டுவிட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லி, கண்டக்டரிடம், "வேற டிரைவரை வரச் சொல்லுங்க. இனி இந்தக் கையை நம்பி நான் ஒருத்தரையும் ஏத்த மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் வந்து இறங்கினார். அன்றைக்கு விட்ட ஸ்டீயரிங்தான். கோயமுத்தூரில் பெரிய டாக்டரைப் பார்த்தோம். மோட்டார் நியூரான் என்று ஒரு நரம்பு நோயின் பேர் சொன்னார். மருந்து என்ன என்று கேட்டேன். "இதுக்கு மருந்து இல்லீங்கம்மா. கையில ஆரம்பிச்சிருக்குது, மத்த இடத்துக்கும் போகும். அதுவரைக்கும் கையில இருக்கறதை வச்சு என்ன முடியுமோ பண்ணிக்கங்க" என்றார். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் மறைத்தது நாங்கள். ஆகவே நீ இன்றைக்கும் நம்பிக்கையைப் பற்றி எழுதுகிறாய் என்றால் அதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

என் நிலைமை உனக்குத் தெரியும். காலையில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நூற்றுச் சொச்சம் குழந்தைகளுக்குச் சோறு போட்டு, அண்டா கழுவ விட்டு, நோட்டில் எழுதி, வீடு வர மூன்று மணி. அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டாக வேண்டும். பக்கத்து வீட்டு சரோஜாக்கா, "நான் வந்து ஊட்டிப்போட்டுப் போறனே அம்மணி, எனக்கென்ன வேலை" என்றார். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதனால் ஸ்பூன் என்பது எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமானாக இருக்கவில்லை. அவர் பகலில் சாப்பிடுவதா பட்டினி கிடப்பதா என்பதே அதில்தான் இருந்தது. சாதாரண ஸ்பூனின் காம்பு அவருக்கு ஊசி மாதிரி. பிடிபடவில்லை. பழைய சேலையைக் கிழித்துக் காம்பில் சுற்றிக் கொடுத்தேன். குழம்பு ஊறி நாறியது. அப்புறம் சைக்கிள் கடையில் ஹேண்டில்பார் ரப்பர் ஒன்று வாங்கி, உள்ளே மரக்குச்சி அடைத்து, அதில் ஸ்பூனைச் செருகினேன். அது நான்கு மாதம் ஓடியது. அந்த நான்கு மாதமும் நான் ஏதோ பெரிய நோயை ஜெயித்துவிட்டவள் மாதிரி நடந்துகொண்டேன்.

பிறகு அந்தப் பருமனும் பிடிபடாமல் போயிற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு மலையாளப் பெண் இருந்தாள். நல்ல பொறுமைசாலி. விரல் பிடிக்காவிட்டால் போகட்டும், உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை கட்டி, அந்தப் பட்டையில் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்து, ஸ்பூன் காம்பை அதில் சொருகிவிட்டால் தோளும் முழங்கையும் வேலை செய்கிற வரைக்கும் சாப்பிடலாம் என்று காட்டித் தந்தாள். அவள் கொடுத்த பட்டை வேர்வையில் கையை அறுத்தது. நம் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற ரங்கனிடம் கொண்டுபோனேன். அவர் உன் அப்பாவை வரச்சொல்லி, காகிதத்தில் கையை வைத்துக் கோடு போட்டு அளவெடுத்து, மெத்தென்ற தோலில் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். "டிரைவரு கையிக்குச் செருப்புத் தெச்ச மொத ஆளு நானாத்தான் இருப்பனுங்க" என்று சொல்லி அப்பாவைச் சிரிக்க வைத்தார். மணிக்கட்டு திரும்பவில்லை என்பதால் வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஸ்பூனின் கழுத்தை வாய்ப்பக்கமாக வளைத்து வாங்கினேன். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி போட வேண்டும், விளிம்பு உயர்ந்த தட்டாக இருந்தால் சோறு அந்தச் சுவரில் முட்டி ஸ்பூனில் ஏறும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். ரசம் சாதம் ஒழுகும். களி ஸ்பூனைவிட்டு வராது. அரிசிம்பருப்புச் சாதம்தான் சொன்னபடி கேட்டது. எத்தனையோ மாதம் அவர் மத்தியானத்தில் அதையேதான் சாப்பிட்டார்.

ஒன்று மட்டும் எங்களால் முடியவில்லை. அந்தப் பட்டையை அவரே கட்டிக்கொள்ள முடியாது. இன்னொரு கையும் அதே நிலைமைதானே. அதனால் காலையில் நான் கிளம்பும்போதே கட்டிவிடுவேன். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் உன் அப்பா கையில் ஸ்பூனைக் கட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஸ்பூன் நுனியால் ரேடியோவைப் போடுவார், நிறுத்துவார். செய்தித்தாளைத் திருப்புவார். யாராவது வந்தால் கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். நீ லீவில் வருகிற நாட்களில் அதைக் கழற்றி வைத்துவிடச் சொல்வார். நான் வீட்டில் இருக்கும்போது அவருக்கு ஊட்டுவதைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

இனி எழுதப்போவதை உன்னிடம் மட்டும் இல்லை, யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் வந்து சோதனை போட்டார்கள். பருப்பு மூட்டையில் வண்டு இருந்தது என்று நின்ற இடத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. தரையெல்லாம் சோறு. எறும்பு சாரி பிடித்திருக்கிறது. அவர் சட்டையில், மடியில், முகத்தில் எல்லாம் சோறு. பட்டை தளர்ந்து மணிக்கட்டில் தொங்குகிறது. "சத்துணவுக்கு வர்ற குழந்தைக கூட இப்படிச் சிந்தறதில்லீங்க!" என்று கத்திவிட்டு, அவர் கையில் ஒரு அடி அடித்தேன். குழந்தைகளைப் புறங்கையில் தட்டுகிற மாதிரி. ஆனால் அது வெறும் தட்டல் இல்லை கண்ணு, அடிதான். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளைக்குச் சிந்தாம திங்கறேன்" என்றார்.

மறுநாளிலிருந்து தட்டு காலியாக இருந்தது. தரையில் ஒரு பருக்கை இல்லை. எனக்குச் சந்தோஷம். அன்றைக்கு ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன். மூன்று வாரம் அப்படிப் போனது. அவர் மெலிந்துகொண்டே வந்தார். நோய்தான் தின்கிறது என்று எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜாக்கா என்னைக் கூப்பிட்டு, "ஏனம்மணி, உங்க ஊட்டுக்காரரு தெனமும் சோத்தை நாய்க்குப் போட்டுப்போடறாரே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். இரண்டு முன்னங்கைக்கும் நடுவில் தட்டை இடுக்கிக்கொண்டு, பின்வாசல் வரைக்கும் நடந்துபோய், படிக்கட்டில் கவிழ்த்துவிட்டு, அதேபோல் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சிந்தக்கூடாது என்பதற்காக. அவ்வளவு சிரமப்பட்டு, ஒரு பருக்கை கீழே விழாமல். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுகாத புள்ள. எனக்குப் பசிக்கலை" என்றார். பசிக்காமலா இருந்திருக்கும்? இருபத்தேழு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். நூறு குழந்தைகளில் எது பசியோடு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று பெருமைப்பட்டவள் நான். என் வீட்டில் ஒருவர் மூன்று வாரம் பகல் பட்டினி கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவரை மறுபடி ஸ்பூனுக்குக் கொண்டுவந்தது உன் கல்யாணம்தான். கவிதாவை உனக்கு நிச்சயம் பண்ணிக்கொண்டு திருப்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று, "பையன் கல்யாணத்துல சம்பந்தியோட பந்தியில ஒக்காந்து நானே திங்கோணும்" என்றார். பந்தி என்றால் இலை. ஸ்பூன் பட்டால் இலை கிழியும். விளிம்பு கிடையாது, சோறு ஓடும். நான் அதைச் சொன்னேன். "பழகினா வருமில்ல?" என்றார். பழகினார் கண்ணு. பழகச் சொல்லுங்கள் என்று நீ இப்போது எழுதுகிறாயே, அந்த நாற்பது நாள் நீ அவரைப் பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் கொடுத்து ஸ்பூன் விளிம்பை மழுங்கத் தேய்த்துத் தரச் சொன்னார். தினமும் நான் ஓர் இலை அறுத்துக்கொண்டு வருவேன். முதல் வாரம் இலையெல்லாம் கந்தலாயிற்று. பொரியலைச் சுவர் மாதிரி வைத்துச் சோற்றை அதில் ஒதுக்கி எடுக்கலாம் என்று அவரே கண்டுபிடித்தார். தோளைத் தூக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, வாயைக் கொண்டுபோய் ஸ்பூனைச் சந்திப்பார். ஒரு வாய்க்கு ஒரு நிமிஷம் ஆகும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓர் இலைச் சாப்பாட்டை, ரசம் ஒன்றைத் தவிர, கிழியாமல் சாப்பிட்டு முடித்தார். உனக்குச் சொல்லக்கூடாது, பையன் பந்தியில் வைத்துப் பார்க்கட்டும் என்றார்.

காரமடை மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு ஆட்கள் உட்கார ஆரம்பித்தபோது, அப்பா கையில் பட்டை கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு நீ என்னிடம் வந்தாய். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மாலையைக் கூடக் கழற்றவில்லை. "அம்மா, அப்பாவுக்கு ரூம்லயே இலை போட்டுருங்க. கையில அந்தப் பட்டையெல்லாம் கட்டிக்கிட்டு... எல்லாரும் பார்த்துட்டே இருப்பாங்க. அவருக்கும் சங்கடம்" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நல்லது என்றுதான் சொன்னாய். நாற்பது நாள் கதையை அந்த நிமிஷத்தில் நான் உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குள்ளேயும் அந்தச் சங்கடம் இருந்தது என்பதால்தான் சொல்லவில்லை. அவர் மூன்றாவது இலையில், சம்பந்திக்குப் பக்கத்தில், பட்டையைக் கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். இலையில் உப்பும் இனிப்பும் வைத்துவிட்டார்கள். நான் குனிந்து, "ஏனுங்க, உள்ள ரூம்ல சாப்பிட்டுக்கலாம், வாங்க" என்றேன். "யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் சொல்றேன்" என்றேன். அவர் சம்பந்தியிடம், "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் வாரனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ரூமுக்குள் வந்ததும் கையை என் முன்னால் நீட்டினார். கழற்றினேன். நான் ஊட்டியதில் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றுவிட்டார்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பட்டையைக் கட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "நீயே ஊட்டிரு" என்றார். மத்தியானத்தில் சரோஜாக்கா ஊட்ட வந்ததற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நாலைந்து மாதத்தில் தோளும் போய்விட்டது. பட்டையைக் கட்டிக்கொண்டே இருந்திருந்தாலும் தோள் போய்த்தான் இருக்கும், டாக்டர் அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்த நாலைந்து மாதம் அவருடையதாக இருந்திருக்கும். நான் அவரைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்றுதான் இன்றைக்கும் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதை நான் திருத்தப்போவதில்லை. திருத்தினால் அந்த வெட்கம் உன் பேருக்குப் போகும். அவருக்கு மிச்சம் இருக்கிற நாளில் அது என் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதையெல்லாம் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கவிதாவும் நீயும் நன்றாக இருக்கிறீர்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நாளைக்கு உன் வீட்டிலும் யாராவது ஒருவருக்குக் கையோ காலோ முடியாமல் போகலாம். அன்றைக்கு அவர்களுக்கு எது சங்கடம் என்பதை நீயாக முடிவு பண்ணாதே. கேள். பதில் வருவதற்கு நேரமாகும். நின்று கேள். நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். இதையும் காலம் கடந்துதான் சொல்கிறேன்.

இப்போது அமெரிக்கா விஷயம். நீ ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது பார்த்த அப்பா இல்லை இவர். நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு குழறுகிறது. என்னையும் சரோஜாக்காவையும் தவிர யாருக்கும் புரியாது. அதனால்தான் சரோஜாக்கா வீட்டுக்கு நீ போன் பண்ணினால் அப்பா பேச வருவதில்லை. போன மாதத்திலிருந்து தண்ணீர் புரையேறுகிறது. இனி விழுங்குவதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று உன் அப்பா தலையை ஆட்டினார். மூன்று வருஷம் கழித்து நீ வரும்போது நான் இருப்பேன். அவர் இருக்கமாட்டார். நடுவில் சேதி வந்து நீ விமானம் ஏறினாலும், முகம் பார்க்க நேரமிருக்குமா என்று தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு நீ முடிவு பண்ண வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ இங்கேயே இருந்தாலும் அவர் பிழைக்கப்போவதில்லை. அதனால் போகாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. போ என்றும் மனசு வந்து சொல்ல முடியவில்லை. அவர் சொல்லிவிட்டார், அதை எழுதிவிட்டேன்.

போவதானால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. தை பிறக்கிற வரைக்கும் காத்திருக்காதே. எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. இரண்டு நாள் இருந்து, அவருக்கு ஒரு வேளையாவது உன் கையால் ஊட்டு. சோற்றைத் தயிர் விட்டுக் குழைய மசித்து வைத்துவிடுகிறேன். நேராக உட்கார வைத்து, தாடை நெஞ்சைப் பார்த்த மாதிரி இருக்கட்டும். ஒரு வாய்க்குக் கால் ஸ்பூன் போதும். தொண்டை மேலேறி இறங்கியதா என்று பார். இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். நடுவில் அவரை ஒன்றும் கேட்காதே, பதில் சொல்ல வாயைத் திறப்பார், புரையேறிவிடும். முக்கால் மணி நேரம் ஆகும். மணியைப் பார்க்காதே. சாப்பிட்டு முடித்ததும் வாயைத் துடைத்துவிட வேண்டும். நீ துண்டை எடுக்கும்போது அவர் வலது கை, தானே துடைத்துக்கொள்ளப் போகிற மாதிரி, மடியில் கொஞ்சம் அசையும். அதைப் பார்த்தால், அது அடங்குகிற வரைக்கும் துண்டை வைத்துக்கொண்டு சும்மா இரு.

உன் அம்மா